கீலேஷன் போடலாமா? ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

பிள்ளைக்கு ஆட்டிசம் என்று எழுதிய சீட்டு கைக்கு வந்த சில வாரங்களிலேயே இன்னொரு செய்தியும் வந்துவிடும். வாட்ஸாப்பில் வரலாம், சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா சொல்லலாம், கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சொல்லலாம்: "உடம்புல ஈயமும் பாதரசமும் சேர்ந்திருக்கு. எடுத்துட்டா பேச்சு வந்துரும்." காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், பொன்னமராவதிப் பக்கத்துப் பெற்றோர் இது பற்றிக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே.

கீலேஷன் என்றால் என்ன?

உலோகத்தைக் கவ்விக்கொள்ளும் மருந்தை உடம்புக்குள் செலுத்தி, கவ்வியதை முக்கியமாகச் சிறுநீரில் வெளியேற்றுவது. நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். டிஎம்எஸ்ஏ எனப்படும் சக்சிமர் வாய்வழி மருந்து. இடிடிஏ நரம்பில் ஏற்றுவது. டிஎம்பிஎஸ், டி-பெனிசிலமைன், பிஏஎல் ஆகியவையும் இந்த வகைதான்.

அப்படியானால் இது போலி மருத்துவம் இல்லையே?

இல்லை. தலசீமியா பிள்ளைகளுக்கு அடிக்கடி ரத்தம் ஏற்றுவதால் சேரும் இரும்பை எடுக்க இதே வகை மருந்துதான் கொடுக்கிறார்கள். வில்சன் நோயில் ஈரலில் சேரும் தாமிரத்துக்கு டி-பெனிசிலமைன். கடுமையான ஈய நச்சில் இது உயிரைக் காக்கும். நிஜமான நஞ்சுக்கு நிஜமான மருந்து. நஞ்சு இல்லாத உடம்பில் போட்டால் அந்தக் கொடுக்கு சும்மா இருக்காது. கால்சியம், துத்தநாகம், தாமிரம், இரும்பு என்று வளரும் பிள்ளைக்கு வேண்டியதைக் கவ்வும்.

ஆட்டிசத்துக்கும் உலோகத்துக்கும் முடிச்சு போட்டது யார்?

1998-இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் சிலரும் 12 பிள்ளைகளை வைத்து லான்செட் மருத்துவ இதழில் எழுதிய கட்டுரை, எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா) தடுப்பூசியை ஆட்டிசத்தோடு இணைத்துப் பேசியது. 2010-இல் அந்த இதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு பிரிட்டனில் அவர் மருத்துவப் பதிவேட்டிலிருந்தும் நீக்கப்பட்டார். இதற்கிடையே 2001-இல் வேறொரு குழு, ஆட்டிசம் என்பதே பாதரச நச்சின் இன்னொரு வடிவம் என்று ஒரு கருதுகோளை முன்வைத்தது. தடுப்பூசி கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கும் தயோமெர்சலில் பாதரசம் இருப்பதுதான் அதற்குப் பிடி. இரண்டும் தனித்தனிக் கதைகள். எம்எம்ஆரில் தயோமெர்சல் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஆனாலும் கேட்பவர் மனசில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டன. "பாதரசம்தான் காரணம் என்றால் பாதரசத்தை எடுத்தால் போச்சு" என்ற கணக்கில் கீலேஷன் நுழைந்தது.

நம் ஊர்த் தடுப்பூசியில் தயோமெர்சல் உண்டுதானே?

பல பிள்ளைகளுக்கு ஒரே குப்பியிலிருந்து போடும் பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கான ஒரே ஊசி) போன்றவற்றில் உண்டு. திறந்த குப்பியில் கிருமி வளராமல் இருக்க அது வேண்டும். போலியோ சொட்டு, பிசிஜி, தட்டம்மை-ரூபெல்லா ஊசி போன்ற உயிருள்ள கிருமி மருந்துகளில் கிடையாது.

தயோமெர்சலில் இருப்பது எத்தில் பாதரசம். பெரிய மீன்களில் சேர்வது மெத்தில் பாதரசம். மெத்தில் வகை ரத்தத்தில் பாதியாகக் குறைய ஒன்றரை மாதம் பிடிக்கும். எத்தில் வகை ஒரு வாரத்துக்குள் பாதியாகி, குடல் வழியே போய்விடும். பென்டாவேலன்ட் ஊசி 6, 10, 14 வாரத்தில் போடுவது. நாலு வயதுப் பிள்ளைக்கு "தடுப்பூசிப் பாதரசத்தை எடுக்கிறோம்" என்று கீலேஷன் போடுகிறவர், எப்போதோ வெளியேறிவிட்ட ஒன்றைத் தேடுகிறார்.

டென்மார்க்கில் 1992-இலேயே தயோமெர்சலை நிறுத்தினார்கள். அமெரிக்காவில் 2001 வாக்கில் குழந்தைகளுக்கான வழக்கமான ஊசிகளிலிருந்து எடுத்தார்கள். இரண்டு இடத்திலும் ஆட்டிசம் என்று கண்டறியப்படும் பிள்ளைகளின் எண்ணிக்கை குறையவில்லை. ஏறியது.

கீலேஷனால் ஆட்டிசம் குறைகிறது என்று ஆய்வு ஏதும் உண்டா?

நம்பத்தக்கது இல்லை. 2015-இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு உலகம் முழுக்கத் தேடியபோது, கணக்கில் எடுக்கத்தக்க ஒரே ஒரு ஆய்வுதான் கிடைத்தது. அதிலும் பலன் தெரியவில்லை. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பிள்ளைகளின் ஆட்டிசத்துக்குக் கீலேஷனைப் பயன்படுத்தக் கூடாது என்று நேராகவே சொல்லிவிட்டது.

பெரிய ஆய்வு ஒன்று நடந்திருக்க வேண்டியது. அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனம் 2006-இல் டிஎம்எஸ்ஏ-வை ஆட்டிசப் பிள்ளைகளிடம் சோதிக்கத் திட்டமிட்டது. அந்த நேரத்தில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் எலி ஆய்வு வெளிவந்தது. ஈயம் ஏறிய எலிகளுக்கு மருந்து ஓரளவு உதவியது. ஈயமே இல்லாத எலிகளுக்குக் கொடுத்தபோது கற்கும் திறனிலும் உணர்ச்சியைக் கட்டுப்படுத்துவதிலும் நீடித்த கெடுதல் வந்தது. பலன் வாய்ப்பு இல்லை, ஆபத்து உண்டு என்று 2008-இல் திட்டத்தைக் கைவிட்டார்கள். "ஆய்வு செய்யவே விடமாட்டேன் என்கிறார்கள்" என்று சிலர் சொல்லும் குற்றச்சாட்டின் பின்னணி இதுதான்.

இன்னொரு ஆய்வைப் பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள். ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 20 முதல் 44 மைக்ரோகிராம் வரை ஈயம் இருந்த 780 குழந்தைகளில் பாதிப் பேருக்குச் சக்சிமர், பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். 2001-இல் முடிவு வந்தது. மருந்து ஈய அளவைக் குறைத்தது. அறிவுத்திறனிலும் நடத்தையிலும் வித்தியாசம் ஒன்றும் இல்லை. நிஜமாகவே ஈயம் இருந்த பிள்ளைகளுக்கே இதுதான் நிலை.

உயிர் போகும் அளவுக்கு ஆபத்தா?

போயிருக்கிறது. 2005 ஆகஸ்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், ஆட்டிசம் இருந்த 5 வயதுப் பையனுக்கு மருத்துவரின் அறையில் இடிடிஏ ஏற்றியபோது இதயம் நின்றது. ரத்தத்தில் கால்சியம் திடீரென்று விழுந்ததுதான் காரணம்.

எப்படி விழுந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். இடிடிஏ இரண்டு விதம். கால்சியம் டைசோடியம் இடிடிஏ ஏற்கெனவே கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு வருவது. உள்ளே போய் ஈயத்தைக் கண்டால் கால்சியத்தை விட்டுவிட்டு ஈயத்தைப் பிடிக்கும். வெறும் டைசோடியம் இடிடிஏ வெறுங்கையோடு வருவது. ரத்தத்தில் முதலில் கண்ணில் படும் கால்சியத்தையே அள்ளிக்கொள்ளும். இதயத்தசை சுருங்கி விரியக் கால்சியம் வேண்டும். பெயரில் ஒரு சொல்தான் வித்தியாசம். அதே ஆண்டு பிப்ரவரியில் டெக்சாஸில் ஒரு மருத்துவமனையிலேயே, ஈய நச்சுக்குச் சிகிச்சை பெற்ற 2 வயதுக் குழந்தை இந்த மருந்து மாறியதால் இறந்தது. தேர்ந்த இடத்திலேயே இப்படி நடக்கும் என்றால், மாடியில் இரண்டு கட்டில் போட்டு "டீடாக்ஸ்" நடத்தும் இடத்தைப் பற்றி யோசித்துக்கொள்ளுங்கள்.

உயிர் போகாவிட்டாலும் சிறுநீரகப் பாதிப்பு, வெள்ளணுக்கள் குறைவது, ஈரல் நொதிகள் ஏறுவது, தோல் உரியும் அளவுக்கு ஒவ்வாமை ஆகியவை இந்த மருந்துகளுக்கு உண்டு. துத்தநாகம் குறைந்தால் பசி போகும். ஏற்கெனவே தயிர்சாதம், அப்பளம் தவிர எதையும் தொடாத பிள்ளைக்கு அது பெரிய அடி.

எங்களுக்குச் சொன்னது ஊசி இல்லை. தேய்க்கும் கிரீமும் நாக்கில் விடும் சொட்டும்தான்.

கிரீம் தோல் வழியே எவ்வளவு உள்ளே போகும் என்று யாரும் அளந்து சொல்ல முடியாது. ஒன்றுமே போகவில்லை என்றால் காசு நட்டம், போனால் மேலே சொன்ன ஆபத்து. சீட்டில்லாமல் விற்கும் சொட்டு, மாத்திரை, ஆசனவாய் மருந்து என்று கீலேஷன் பொருள்கள் விற்ற எட்டு நிறுவனங்களுக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2010 அக்டோபரில் எச்சரிக்கை அனுப்பியது. குளோரின் டையாக்சைடு கலந்த "அற்புதச் சொட்டு" என்று யாராவது கொடுத்தால், அது வெளுக்கும் ரசாயனம். பிள்ளையின் வாயிலோ எனிமாவிலோ விடவே கூடாது.

சிறுநீர்ச் சோதனையில் ஈயமும் பாதரசமும் சிவப்புக் கோட்டைத் தாண்டியிருக்கிறதே? வண்ணப் படத்தோடு ரிப்போர்ட் இருக்கிறது.

சோதனைக்கு முன்பு பிள்ளைக்கு ஏதாவது மாத்திரை கொடுத்தார்களா என்று நினைத்துப் பாருங்கள். பெரும்பாலும் கொடுத்திருப்பார்கள். முதலில் டிஎம்எஸ்ஏ-வோ டிஎம்பிஎஸ்-ஸோ கொடுத்து, அடுத்த சில மணி நேரச் சிறுநீரைப் பிடித்து அனுப்புவது வழக்கம். தூண்டிய சோதனை என்று இதற்குப் பெயர். காற்றிலும் தண்ணீரிலும் சாப்பாட்டிலும் வந்த துளி உலோகம் எல்லார் உடம்பிலும் இருக்கும். மருந்து அதைப் பிடித்து வெளியே தள்ளும். உங்களுக்கோ எங்களுக்கோ கொடுத்தாலும் சிறுநீரில் எண் ஏறும். அப்படித் தூண்டிய எண்ணை, மருந்து சாப்பிடாதவர்களின் அளவோடு ஒப்பிட்டுச் சிவப்புக் கோடு போடுகிறார்கள். கிணற்றைக் கலக்கிவிட்டுத் தண்ணீர் சேறாக இருக்கிறது என்று சொல்வதுதான் இது. இந்தச் சோதனைக்கு அறிவியல் அடிப்படை இல்லை, கெடுதலும் உண்டாகலாம் என்று அமெரிக்க மருத்துவ நச்சியல் கல்லூரி வெளிப்படையாக அறிவித்திருக்கிறது.

ரிப்போர்ட்டின் அடியில் பொடி எழுத்தில் இந்த அளவுகள் தூண்டாத சிறுநீருக்கானவை என்று போட்டிருக்கும். தேடிப் பாருங்கள்.

முடிச் சோதனை?

தலைக்கு வைக்கும் எண்ணெய், சீயக்காய், ஷாம்பு, போர்த் தண்ணீர், தெருப் புழுதி எல்லாம் முடியில் ஒட்டும். உள்ளிருந்து வந்தது எது, வெளியிலிருந்து ஒட்டியது எது என்று பிரிக்க வழியில்லை. ஒரே ஆளின் முடியைப் பிரித்து ஆறு ஆய்வகங்களுக்கு அனுப்பிப் பார்த்த ஆய்வு 2001-இல் வெளிவந்தது. ஆறும் வேறு வேறு எண்ணும் வேறு வேறு அறிவுரையும் தந்தன. காசைச் செலவழிக்க வேண்டாம்.

அப்படியானால் எந்தச் சோதனைதான் எடுப்பது?

ஈயத்துக்கு, கை நரம்பிலிருந்து எடுத்த ரத்தத்தில் ஈய அளவு. மருந்து எதுவும் கொடுக்காமல். "பிளட் லெட்" என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். காரைக்குடியில் ரத்தம் எடுத்தாலும் பெரும்பாலும் சென்னைக்கோ மும்பைக்கோ அனுப்பித்தான் பார்ப்பார்கள், சில நாள் ஆகும். ஐசிபி-எம்எஸ் என்ற நுட்பமான உலோக அளவீட்டு முறையில் பார்க்கிறார்களா, எந்தக் குழாயில் எடுக்கச் சொல்கிறார்கள் என்று ஆய்வகத்திடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். விரல் நுனியில் குத்தி எடுத்தால் விரலில் ஒட்டிய தூசியே எண்ணை ஏற்றிவிடும். அப்படி எடுத்துக் கூடுதலாக வந்தால், நரம்பு ரத்தத்தில் மறுபடி பார்க்காமல் எதையும் தொடங்கக் கூடாது.

பாதரசம், ஆர்செனிக் சோதனையை எல்லாப் பிள்ளைக்கும் எடுக்கத் தேவையில்லை. மருத்துவர் குறிப்பாகக் கேட்டால் எடுக்கலாம். அதற்கு முன் சில நாள் தொண்டியிலிருந்து வரும் கடல் மீன், நண்டு, இறால் எதுவும் வேண்டாம். கடல் மீனில் இருக்கும் தீங்கில்லாத ஆர்செனிக் எண்ணைத் தாறுமாறாக ஏற்றும்.

எண் வந்துவிட்டது. அடுத்து?

அலகு, டெசிலிட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம். அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2021 முதல் 3.5-ஐக் கவனிக்க வேண்டிய எல்லையாக வைத்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 5 இருந்தாலே ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடச் சொல்கிறது. 3.5-க்குக் கீழே என்றால் இந்த விஷயத்தை மூடிவைத்துவிட்டு தெரபியைப் பாருங்கள். 3.5 முதல் 19 வரை: வீட்டில் தேடுங்கள், ரத்தசோகை இருக்கிறதா பாருங்கள், ஒன்று முதல் மூன்று மாதத்தில் மறுசோதனை. 20 முதல் 44 வரை: மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பு, மண்ணோ பெயின்டோ தின்னும் பிள்ளைக்கு வயிற்று எக்ஸ்ரே, சில வாரத்திலேயே மறுசோதனை. இந்த அளவில் வழக்கமாகக் கீலேஷன் கொடுப்பதில்லை. 45-ஐத் தொட்டால் கீலேஷன் உண்டு. மருத்துவமனையில், ரத்த எண்ணிக்கை, சிறுநீரகம், ஈரல் பார்த்துக்கொண்டே, சக்சிமர் என்றால் 19 நாள் ஒரு சுற்று. 70-க்கு மேல் அவசர சிகிச்சை.

அப்போதும் வீட்டில் ஈயம் வரும் வழியை அடைக்காமல் மருந்தைத் தொடங்கினால், புதிதாக உள்ளே போகும் ஈயத்தைக் குடல் இன்னும் வேகமாக உறிஞ்சக்கூடும். மருந்தை நிறுத்தியதும் எலும்பில் படிந்திருப்பது ரத்தத்துக்கு வருவதால் எண் மறுபடி ஏறும். அதைப் பார்த்து "இன்னும் நஞ்சு வந்துகொண்டே இருக்கிறது, இன்னும் பத்துச் சுற்று" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

எங்கள் வீட்டில் ஈயம் எங்கே இருக்கப்போகிறது?

செட்டிநாட்டு வீட்டில் தேட இடம் அதிகம்.

முதலில் அடுப்படி. ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தில் (டின்) செய்ய வேண்டியது. காரீயம், அதாவது இதுவரை சொன்ன நச்சு ஈயம், மலிவு. அதைக் கலந்து விற்றால் பார்வைக்குத் தெரியாது. புளியும் தக்காளியும் காரீயத்தைக் கரைத்து ரசத்தோடு அனுப்பும். காரீயம் கூடுதலாக இருந்தால் சொம்பு அளவுக்கு மீறிக் கனக்கும், வெள்ளைக் காகிதத்தில் தேய்த்தால் பென்சில் கோடு போலக் கருப்பாக இழுக்கும். கோடு விழாததால் சுத்தம் என்று மட்டும் முடிவுகட்ட வேண்டாம், கொஞ்சம் கலந்திருந்தால் இப்படித் தெரியாது. அப்பத்தா காலத்துச் சொம்பை எறிய மனம் வராது, புரிகிறது. அடுக்கில் இருக்கட்டும். பிள்ளைக்கான ரசம் எவர்சில்வரில் கொதிக்கட்டும். பித்தளை அண்டா, தேக்சாவுக்குப் பூசும் ஈயமும் இப்படியே. நவச்சாரம் போட்டுப் பூசுகிறவர் கொண்டுவரும் கட்டி எது என்று கேளுங்கள், அல்லது வெள்ளீயத்தை நீங்களே வாங்கிக் கொடுங்கள். பூச்சு பெயர்ந்த பழைய எனாமல் தூக்குகளை அலங்காரத்துக்கு வைத்துக்கொள்ளலாம், சாப்பாட்டுக்கு வேண்டாம்.

அடுத்து பெயின்ட். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்-ஐ (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த கம்பி, கதவு, நிலை, தூண், மேல்கூரைச் சித்திரம் எல்லாவற்றையும் சந்தேகப்படலாம். சும்மா இருக்கும் பெயின்ட் பெரிய தொல்லை இல்லை. உரியும்போதும் சுரண்டும்போதும்தான் தொல்லை. சாந்தி கல்யாணத்துக்கோ (அறுபதாம் கல்யாணம்), வீட்டை ஹோட்டலுக்கு விடவோ வேலை தொடங்கினால் பிள்ளையை ஆயா (அம்மாவின் அம்மா) வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். உலர்ந்தபடி உப்புத்தாள் போடாமல் தண்ணீர் தெளித்துச் சுரண்டச் சொல்லுங்கள். முடிந்ததும் விளக்குமாற்றால் பெருக்க வேண்டாம், தூசி பறக்கும். ஈரத்துணியால் இரண்டு மூன்று தடவை துடையுங்கள்.

கண்மாயில் வீசும் வலையில் கட்டும் ஈயக் குண்டு, இன்வெர்ட்டர் பேட்டரி, பழைய பேட்டரி உடைக்கும் இடம், அங்கே வேலை பார்க்கும் அப்பாவின் சட்டை. அந்தச் சட்டையைத் தனியாகத் துவைக்க வேண்டும், குளித்துவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்க வேண்டும். கடைக் கண்மை, சிவப்புச் சிந்தூரப் பொடி, கண்ணைப் பறிக்கும் மஞ்சள் நிறத்தில் உதிரியாக விற்கும் மஞ்சள்தூள் ஆகியவற்றிலும் ஈயக் கலப்பு கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது.

இரும்புச்சத்தும் கால்சியமும் குறைந்த வயிறு ஈயத்தை அதிகம் உறிஞ்சும். முருங்கைக்கீரை, கேழ்வரகு, முட்டை, கூடவே நெல்லிக்காய் அல்லது எலுமிச்சை. ரத்தசோகை இருந்தால் கீரை மட்டும் போதாது, மருத்துவர் தரும் இரும்புச் சொட்டு வேண்டும்.

ஈயம் இருந்தது உண்மை என்றால், ஆட்டிசம் அதனால்தான் வந்ததா?

பெரும்பாலும் வரிசை தலைகீழ். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலர் பொருள்களை வாயில் வைப்பதை நெடுநாள் விடமாட்டார்கள். மண், சுவர்ச் சுண்ணாம்பு, பெயின்ட் சிம்பு, சாக்பீஸ் தின்பார்கள். அதனால் ஈயம் ஏறுகிறது. ஏறிய ஈயம் கவனத்தையும் கற்றலையும் மேலும் கெடுக்கும். ஆகவே அதைப் பார்ப்பதும் தடுப்பதும் அவசியம். அதை எடுத்ததும் ஆட்டிசம் போய்விடும் என்பதற்கு ஆதாரமில்லை. ஆட்டிசத்தில் பரம்பரையின் பங்குதான் மிகப் பெரியது. ஐந்து நாடுகளின் தரவை வைத்து 2019-இல் வந்த ஆய்வு அதைச் சுமார் 80 விழுக்காடு என்று கணக்கிட்டது.

எங்கள் பெண் ஒன்றரை வயதில் பேசிக்கொண்டிருந்தாள். பிறகு நின்றுவிட்டது. ஏதோ நஞ்சு உள்ளே போனதால்தானே?

ஆட்டிசம் உள்ளவர்களில் கால்வாசி முதல் மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகளுக்கு இப்படி ஒன்றரை, இரண்டு வயதை ஒட்டி வந்த சொல் போகிறது. தடுப்பூசி போடும் வயதும் அதுவே என்பதால் பழி அங்கே விழுகிறது. பேச்சு போனால் உலோகச் சோதனைக்கு முன்பு பார்க்க வேண்டியவை இரண்டு: பெரா எனப்படும் செவிச் சோதனை, வலிப்பின் அறிகுறி இருந்தால் இஇஜி. இரண்டுமே சிகிச்சைக்கு வழிகாட்டும்.

தெரிந்தவர் பிள்ளைக்குப் போட்டு மூன்றாம் மாதம் பேச்சு வந்துவிட்டதாமே. கண்ணால் பார்த்தவர்கள் பொய்யா சொல்வார்கள்?

பொய் சொல்லவில்லை. செக்ரெட்டின் என்ற குடல் ஹார்மோன் ஆட்டிசத்தைக் குணப்படுத்துவதாக 1990-களின் இறுதியில் பெரிய பேச்சு. 60 பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு உப்புநீர் போட்டுப் பார்த்த ஆய்வு 1999-இல் வந்தது. இரண்டு பக்கமும் முன்னேற்றம், அளவும் கிட்டத்தட்ட ஒன்றே. முடிவைச் சொன்ன பிறகும் 69 விழுக்காடு பெற்றோர் அந்த மருந்தில் ஆர்வம் விடவில்லை.

ஆட்டிசப் பிள்ளை வளராமல் நிற்பதில்லை. சில மாதம் ஒன்றுமில்லாமல் இருந்து திடீரென்று ஒரு தாவல் தாவும். அதே மூன்று மாதத்தில் ஸ்பீச் தெரபியும் நடந்திருக்கும், பள்ளியும் மாறியிருக்கும், லட்சம் செலவழித்த வீடு பிள்ளையை முன்னைவிட உற்றுக் கவனித்திருக்கும். போட்டும் மாற்றம் வராத பிள்ளைகளின் பெற்றோர் கல்யாண வீட்டில் அதைப் பேசுவதில்லை.

மருந்து தொடங்கிய பிறகு அழுகையும் முரட்டுத்தனமும் கூடிவிட்டது. "நஞ்சு வெளியேறுகிறது, நல்ல அறிகுறி" என்கிறார்கள்.

நல்ல அறிகுறி இல்லை. நிறுத்துங்கள்.

நிறுத்துவது எப்படி? படிப்படியாகக் குறைக்க வேண்டுமா?

கீலேஷன் மருந்தைப் படிப்படியாகக் குறைக்கத் தேவையில்லை. இன்றே விடலாம். கூடவே வலிப்பு மாத்திரையோ, முரட்டுத்தனத்தைத் தணிக்கும் ரிஸ்பெரிடோனோ போய்க்கொண்டிருந்தால் அதைத் தொடாதீர்கள், அவற்றை மருத்துவர் சொல்லித்தான் குறைக்க வேண்டும். மருந்துப் பெட்டி, குப்பி, சீட்டு எதையும் எறியாமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். முழு ரத்த எண்ணிக்கை, கால்சியம், கிரியாட்டினின், ஈரல் சோதனை, சிறுநீர்ச் சோதனை, முடிந்தால் துத்தநாகம் பார்க்கச் சொல்லுங்கள். "திட்டுவார்களே" என்று மறைக்க வேண்டாம். மறைத்தால் சோதனை முடிவுகளை அவர் தப்பாகப் படிப்பார்.

உதட்டைச் சுற்றி மரமரப்பு, விரல்கள் இழுத்துக்கொள்வது, வலிப்பு, மயக்கம், மூச்சுத்திணறல், சிறுநீர் குறைவது, வாயில் புண்ணோடு தோல் கொப்புளம், காய்ச்சல். இவற்றில் ஒன்று வந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஆங்கில மருந்து வேண்டாம், சித்த மருந்தில் உலோகத்தை எடுக்கலாமா?

மூலிகைக் குடிநீரைப் பற்றி இங்கே வழக்கில்லை. பற்பம், செந்தூரம் என்று வந்தால் கவனம். பாதரசமும் பிற உலோகங்களும் சேர்த்துச் செய்பவை அவற்றில் உண்டு. உலோகத்தை எடுக்க உலோகம் கொடுத்த கதையாகிவிடும். உரிமம் பெற்ற மருத்துவர், முத்திரையுள்ள பொட்டலம், உள்ளடக்கப் பட்டியல் இல்லாமல் மடித்துத் தரும் பொடியைப் பிள்ளைக்குத் தர வேண்டாம்.

கீலேஷன் சொல்லும் மருத்துவரிடம் என்ன கேட்பது?

நான்கு கேள்வி போதும். தூண்டாத ரத்த ஈய அளவு என்ன? எந்த மருந்து, முழுப் பெயரை எழுதித் தருவீர்களா? எத்தனை நாளுக்கு ஒருமுறை ரத்தம் பார்ப்பீர்கள்? எந்த மாற்றம் வராவிட்டால் நிறுத்துவீர்கள்? எழுதித் தர மறுத்தாலும், கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாவிட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். மருந்தை அவரே விற்கிறார் என்றால் முதல் கேள்வியைக்கூடக் கேட்க வேண்டியதில்லை.

அந்தப் பணத்தை வேறு எதில் போடலாம்?

முதலில் செலவில்லாதவை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இயங்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தைக் கேட்டுப் போங்கள். நமக்குப் பக்கம் சிவகங்கையும் புதுக்கோட்டையும். பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வரும் ஆர்பிஎஸ்கே (பிள்ளைகளின் உடல்நலம் பார்க்கும் அரசுத் திட்டம்) குழுவிடம் சொன்னாலும் அங்கே அனுப்பி வைப்பார்கள். ஐசா என்ற இந்திய ஆட்டிச அளவுகோலில் 70-ஐத் தொட்டால் மாற்றுத்திறனாளிச் சான்றும் யுடிஐடி அடையாள அட்டையும் பெறலாம். மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்டின் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை உண்டு, தெரபிச் செலவும் அதில் அடக்கம். ஆண்டுதோறும் புதுப்பிக்க மறந்துவிடுகிறார்கள்.

தெரபி என்றால் பிள்ளையை அறைக்குள் விட்டுவிட்டு வெளியே நாற்காலியில் காத்திருப்பதில் பாதிப் பலன் வீண். பெற்றோருக்குச் சொல்லிக் கொடுக்கும் இடமாகப் பாருங்கள். கோவாவிலும் ராவல்பிண்டியிலும் நடந்த ஆய்வொன்று 2016-இல் வெளிவந்தது. பட்டம் பெற்ற நிபுணர்கள் இல்லாமல், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்களே வீட்டுக்குப் போய்ப் பெற்றோருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். பிள்ளை தானாகப் பெற்றோரோடு தொடர்புகொள்வது கூடியது. அவர்கள் செய்தது பெரிய வித்தை இல்லை. பிள்ளை எதைப் பார்க்கிறதோ அதை நீங்களும் பார்ப்பது, நீள வாக்கியத்தை விட்டு ஒன்றிரண்டு சொல்லில் பேசுவது, கேட்டுவிட்டு அவசரப்படாமல் பதிலுக்குக் காத்திருப்பது. பலகாரம் ஊட்டும்போதே செய்யலாம்.

மலச்சிக்கல், தூக்கமின்மை, பல்வலி மூன்றையும் முதலில் சரிசெய்யுங்கள். "ஆட்டிசம் முற்றிவிட்டது" என்று தூக்கிக்கொண்டு வரும் பிள்ளைகளில் பலருக்கு நாலு நாளாக வெளிக்குப் போயிருக்காது.

ஐயாவும் அப்பத்தாவும் "காசு நாங்கள் தருகிறோம், போட்டுப் பாருங்கள்" என்கிறார்கள். எப்படி மறுப்பது?

மறுக்க வேண்டாம், முதலில் ரத்தச் சோதனை எடுப்போம் என்று சொல்லுங்கள். ஊசிக்கு ஒதுக்கிய காசில் அது சிறு துளி. எண் குறைவாக வந்தால் அந்தத் தாளையே அவர்கள் கையில் கொடுத்து, மீதிப் பணத்தை ஒரு வருஷத் தெரபிக்குக் கேளுங்கள். கூடுதலாக வந்தால் ஈயச் சொம்பை அடுப்பிலிருந்து இறக்கும் வேலை அப்பத்தாவுடையது. அவர் சொன்னால்தான் வீட்டில் எடுபடும்.